ஃபோர்ம் நிரப்புறதா, திண்ணையில குந்தி இருந்து கேக்கிறதா? ஃபைனல் இயர் ஆய்வுக்கு எந்த முறை

போன கிழமை எங்கட அக்காட மகள் வந்தாள், கையில 6 பக்கத்துல ஒரு ஃபோர்ம். வந்தாறுமூலை கெம்பஸ்ல, அதான் கிழக்குப் பல்கலைக்கழகத்துல, சமூகவியல் செய்றாள், இப்ப ஃபைனல் இயர். "மாமா, இத ஒருக்காப் பாருங்க, 150 பேருக்குக் குடுக்கப் போறன்" எண்டாள். தலைப்பு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்க, படுவான்கரைப் பக்கம் ஒரு ஊருல சீதன வீடும் அந்த வீட்டுப் பொம்புளைகள்ற முடிவெடுக்கிற அதிகாரமும். நல்ல தலைப்புத்தான், ஆனா முதல் பக்கத்துல முதல் பெட்டியில "குடும்பத் தலைவர் பெயர்" எண்டு கிடந்திச்சு, நான் அதுலயே நிண்டுட்டன். ஏன் புள்ள இது எண்டு கேட்டா, "எல்லா ஃபோர்ம்லயும் இருக்குத்தானே மாமா" எண்டுறாள்.

அந்தப் பெட்டிய நானே எத்தினையோ தரம் நிரப்பி இருக்கன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பொறவு, ஒரு நிறுவனத்துக்கு விபரம் எடுக்கிற வேலைக்குப் போனன், கடற்கரைப் பக்கம் வீடு வீடா, வீடு எங்க கிடக்கு, கூடாரம் கூடாரமா. ஒரு அக்கா, கையில சின்னப் புள்ள, "தம்பி அது எனக்கு எங்கம்மா தந்த வளவு" எண்டு சொல்லிக்கிட்டே இருந்தா, நான் "ஓம் ஓம், குடும்பத் தலைவர்ர பேரச் சொல்லுங்க" எண்டு புருசன்ட பேர எழுதிட்டு அடுத்த கூடாரத்துக்குப் போயிட்டன். வீட்டுத் திட்டத்துல வந்த புது வீட்டுப் பத்திரம் அந்தாள்ட பேர்ல. பொறவு ஒரு நாள் கண்டு சொன்னா, "தம்பி நீங்க அண்டைக்கு எழுதின பேர்தான்" எண்டு. கோவமாக் கூடச் சொல்லல்ல, அதுதான் இன்னும் உறுத்துது.

இது அந்த அக்காவுக்கு மட்டும் நடந்ததில்ல. நம்மட மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில தாய்வழி முறை, குடி, அதாவது வம்சம், தாய்ட பக்கத்தால வரும், ஒரே குடிக்குள்ள கலியாணம் இல்ல, வீடு மகளுக்கு, மாப்பிள்ளைதான் அங்க போறவர். தமிழாக்களுக்கும் அப்பிடி, காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம் ஆக்களுக்கும் வீடு விசயத்துல பெரிய வித்தியாசம் இல்ல. டெனிஸ் மெக்கில்வ்ரே எண்ட அமெரிக்க மானிடவியலாளர் 1969ல அக்கரைப்பற்றுக்கு வந்து இதப் படிக்கத் தொடங்கினவர், சுனாமிக்குப் பொறவு பற்றீசியா லோரன்ஸ் எண்டவவோட சேர்ந்து, வீட்டுத் திட்டங்களுக்குள்ள இந்தச் சீதன முறைக்கு என்ன நடந்த எண்டும் எழுதி இருக்காரு. ரைட் மில்ஸ் எண்ட அமெரிக்க சமூகவியலாளர் 1959ல சொன்ன கதை, உங்களுக்கெல்லாம் முதல் வருசத்துலயே படிப்பிச்சிருப்பாங்க, ஒராள்ட தனிக் கஷ்டம் எது, ஊருக்கே பொதுவான பிரச்சினை எது எண்டு பிரிச்சுப் பாக்கத் தெரியணும் எண்டு. ஒரு அக்காட பத்திரம் பிழைச்சா அது அவட கஷ்டம். கரை முழுக்க ஒரே பெட்டியால ஒரே மாதிரிப் பிழைச்சா அது அந்தப் பெட்டிய வடிவமைச்ச முறையில உள்ள பிரச்சினை. நான் பேனையோட நிண்ட நேரம் இது ஒண்டும் விளங்கல்ல.

சரி, இப்ப விசயத்துக்கு வாறன். எங்கட மருமகள் மாதிரி, ஃபோர்மா, பேட்டியா, ஊருல போய் இருக்கிறதா, குழுவாக் கூப்பிட்டுக் கதைக்கிறதா எண்டு யோசிக்கிற ஆக்களுக்காகத்தான் இத எழுதுறன், நான் எதப் பக்கம் எண்டும் ஒழிக்காமச் சொல்லுவன்.

முதல்ல ஒள்ளுப்பம் கோட்பாடு. கனபேர் அத இரண்டாம் அத்தியாயத்துல கொண்டு போய்ப் போட்டு மூடிட்டு, மூணாம் அத்தியாயத்துல முறையியல் எண்டு வேற ஒரு உலகத்துக்குப் போயிடுவாங்க, ரெண்டும் ஒண்டோடொண்டு கதைக்கிறதே இல்ல. சீதன வீட்டையே எடுங்க. டேர்க்கைம், மார்க்ஸ், வெபர் மூணு பேரும் சமூகவியலுக்கு அடித்தளம் போட்ட ஆக்கள். டேர்க்கைம் வழியில வாறவர், இந்த முறை ஊர எப்பிடிக் கட்டி வைச்சிருக்கு, அக்கா தங்கச்சி எல்லாம் பக்கத்துப் பக்கத்து வளவுல இருக்கிறதால புள்ள வளர்க்கிறதுல இருந்து செத்த வீடு வரைக்கும் எப்பிடி ஓடுது எண்டு கேப்பாரு. மார்க்ஸ் வழியில வாறவர், இந்த வீட்டக் கட்டுற காசு எங்கால வருது எண்டு கேப்பாரு, மூத்த மகளுக்கு வீடு வேணும் எண்டு தாய் சவூதிக்குப் போய் வேற வீட்டுல சட்டி கழுவுறா, இளைய மகளுக்கு எண்டு கிழமைக் கடன் எடுக்கிறாங்க, அப்ப இந்த முறையால ஆருக்கு லாபம். வெபர் வழிக்காரர் அந்தத் தாய்ட மனசுல "வீடு" எண்டா என்ன, அது இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு அவ நினைக்கிறா எண்டு கேப்பாரு. பெண்ணியப் பக்கத்தால வந்தா, வீட்டு உறுதிப் பத்திரம் அவட பேர்ல, சரி, அத ஈடு வைக்கிற முடிவு ஆர்ர வாயில இருந்து வருது எண்டு கேள்வி வரும். நாலு கேள்வியும் வேற வேற, அதுக்கு விடை கிடைக்கிற வழியும் வேற. கடைசி ரெண்டையும் ஃபோர்ம்ல பிடிக்கிறது ஆத்து மீன முறத்தால அள்ளுற மாதிரி. முதல் கேள்விக்கு ஊர்க் கணக்கு இல்லாமச் சும்மா கதைச்சும் பிரயோசனம் இல்ல.

இப்ப ஃபோர்ம், அதாவது வினாக்கொத்து அளவை. புள்ளைகள் இதுக்குப் போற காரணம் எனக்குத் தெரியும், லேசு எண்டு நினைக்கிறாங்க, கூகுள்ல ஒரு ஃபோர்ம் செஞ்சு வாட்ஸ்அப்புல போட்டா வரும், எஸ்பிஎஸ்எஸ் எண்ட புள்ளிவிபர மென்பொருள்ல போட்டா கலர் கலராப் படம் வரும், சுப்பர்வைசரும் சந்தோசம். அந்த வாட்ஸ்அப் வேலை மட்டும் செய்யாதீங்க. 1936ல அமெரிக்காவுல லிற்றரரி டைஜஸ்ட் எண்ட சஞ்சிகை ஜனாதிபதி எலக்சனுக்கு ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு மாதிரி அனுப்பி, 20 இலட்சத்துக்கு மேல திரும்பி வந்து, லேன்டன்தான் வெல்லுவார் எண்டு போட்டாங்க, கடைசியில ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46 வெண்டாரு. விலாசத்த டெலிஃபோன் புத்தகத்துலயும் கார் பதிவுலயும் எடுத்ததுதான் வினை, அந்தக் காலத்துல ஃபோனும் காரும் ஆர்ட்ட இருக்கும், அதோட திருப்பி அனுப்பின ஆக்களும் ஒரு பக்கம் சாஞ்ச ஆக்கள். காலப் எண்ட கருத்துக்கணிப்புக்காரர் கிட்டத்தட்ட 50,000 பேரோட சரியாச் சொன்னவர். உங்கட வாட்ஸ்அப் குறூப்புல இருக்கிற 150 பேரும் உங்கட பட்ச்சும் அவங்கட சொந்தமும், மண்டூர் அங்கால இருக்கிற பெரியம்மா அதுல இல்ல.

ஒழுங்காச் செஞ்சா ஃபோர்முக்கு இருக்கிற பலம் வேற எதுக்கும் இல்ல. ஊருல 300 குடும்பம், அதுல எத்தினை வீடு பொம்புளைட பேர்ல, எத்தினை ஆம்புளைட பேர்ல எண்டு கேட்டா எண்ணித்தான் சொல்ல ஏலும், மூணு மாமிமாரோட கதைச்சுட்டு "எங்கட ஊருல எல்லாம் பொம்புளைட பேர்லதான்" எண்டு எழுதினா அது ஆய்வில்ல. ஆனா செலவக் கணக்குப் பாருங்க. எல்லாரும் எடுத்து வைக்கிற அந்த கிறெஜ்சி மோர்கன் அட்டவணை, 1970ல வந்தது, மொத்தம் இத்தினை எண்டா அதுல எத்தினைய மாதிரியா (சாம்பிளா) எடுக்கணும் எண்டு சொல்லுறது, அதுப்படி 300க்கு 169 வேணும், 500க்கு 217, 1000க்கு 278. 169 ஃபோர்ம், ஒண்டுக்கு அரை மணித்தியாலம் எண்டாலும் 84 மணித்தியாலத்துக்கு மேல, அதுவும் எல்லாரும் வீட்டுல இருந்தா. பெரும்போக வெட்டு நேரம் தை மாசியில போனா வளவுல நாய்தான் இருக்கும். பின்னேரம் போகலாம் எண்டு நினைச்சா படுவான்கரையில ஆனைக்குப் பயந்து நேரத்தோட திரும்பணும். இதோட, 169 பேர ஆர் தெரிவு செய்றது? ஜிஎஸ்ட்ட, அதான் கிராம சேவகர்ட்ட, வாக்காளர் இடாப்பு கேட்டுக் குலுக்கி எடுத்தா அது எழுமாற்று மாதிரி, ரோட்டுக்கரை வீடா மட்டும் ஏறி இறங்கினா அது ரோட்டுக்கரை மாதிரி, பேர மாத்திப் போட்டா அட்டவணை உங்களக் காப்பாத்தாது.

அடுத்தது ஃபோர்முல ஆக்கள் சொல்லுறதுக்கும் செய்றதுக்கும் உள்ள தூரம். லபியர் எண்ட ஒரு ஆய்வாளர் 1930கள்ல ஒரு சீனச் சோடியோட அமெரிக்கா முழுக்கக் காருல சுத்தினவர், அந்தக் காலம் சீனாக்கள் மேல அங்க வெறுப்புக் கூட. 251 ஹோட்டல், சாப்பாட்டுக் கடைக்குப் போனாங்க, ஒரே ஒரு இடத்துலதான் ஏலாது எண்டாங்க. ஆறு மாசத்தால அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு, சீனாக்கள ஏத்துக்குவீங்களா எண்டு கேட்டாரு, 128 பேர் பதில் போட்டாங்க, நூத்துல 90க்கு மேல "இல்ல". 1934ல இத எழுதினாரு. வாசல்ல நல்ல உடுப்போட ஆள் நிக்கிற நேரம் செய்றது ஒண்டு, கடதாசியக் கண்டா சொல்லுறது இன்னொண்டு. நம்மட பக்கம் இது மற்றப் பக்கத்தாலயும் நடக்கும், "வீட்டுல முடிவு எடுக்கிறது ஆரு?" எண்டு கேட்டா "ரெண்டு பேரும் சேர்ந்து" எண்டுதான் நூறுக்குத் தொண்ணூறு டிக் விழும், அதுதான் மரியாதையான விடை. சுனாமியிலயும் சண்டையிலயும் ஃபோர்ம் நிரப்பி நிரப்பிப் பழகின சனம், எந்த விடைக்கு என்ன கிடைக்கும் எண்டு நம்மள விட அவங்களுக்குத் தெரியும். ஒரு முறை ஒரு ஐயா என்னட்டக் கேட்டாரு, "தம்பி, இது வீடு குடுக்கிற ஃபோர்மா, கக்கூசு குடுக்கிற ஃபோர்மா, அதுக்கேத்த மாதிரிச் சொல்லத்தானே" எண்டு. பகிடிக்குச் சொன்னாரு எண்டு நான் நினைக்கல்ல.

ஆழ்நிலைப் பேட்டிக்கு வாறன், என்ட சாய்வு இங்கதான். ஒராளோட ஒண்டு ஒண்டரை மணித்தியாலம், கேள்வி ஏழெட்டுத்தான் கையில, மிச்சம் அவங்க சொல்லுறதுல இருந்து வரும். "முடிவு எடுக்கிறது ஆரு" எண்டு கேக்காம, "கடைசியா இந்த வீட்டுல ஒரு பெரிய செலவு செஞ்சீங்களே, அது என்ன, முதல்ல ஆரு சொன்ன, மறுகா என்ன நடந்த" எண்டு கேளுங்க, கதை தானா வரும், அதுக்குள்ள முடிவு ஆருட எண்டும் வரும், அண்ணன்காரன் வந்து சத்தம் போட்டதும் வரும். எத்தினை பேர் போதும் எண்டு எல்லாரும் கேப்பாங்க. கேட்டதே திரும்பத் திரும்ப வரத் தொடங்கினா நிறைவுநிலை எண்டு சொல்லுவாங்க, 2006ல வந்த ஒரு ஆய்வுல கானாவுலயும் நைஜீரியாவுலயும் 60 பொம்புளைகள்ற பேட்டிய வைச்சுப் பாத்தா முதல் 12க்குள்ளயே முக்கியமான கருத்தெல்லாம் வந்திட்டு. அது ஒரே மாதிரி ஆக்கள், ஒரே விசயம் எண்டா. தமிழாக்களையும் முஸ்லிம் ஆக்களையும் ஒப்பிடப் போறீங்க எண்டா அந்த 12 ரெண்டு மடங்கு.

பேட்டியிலயும் வலி இருக்கு, அத ஒருத்தரும் முன்னுக்குச் சொல்றல்ல. ஒரு மணித்தியால ரெக்கோடிங்க எழுத்துல போட அஞ்சாறு மணித்தியாலம் போகும், பின்னால கோழியும் பிள்ளையும் கத்தினா இன்னும் கூட. 15 பேட்டிக்கு நீங்க ஒரு மாசம் ஹெட்ஃபோனோட குந்தணும். பொறவு, நல்லாக் கதைக்கிற ஆள்ட கதை உங்கட ஆய்வையே இழுத்துக்கிட்டுப் போயிடும், ஒவ்வொரு ஊருலயும் ஒரு அக்கா இருப்பா, வாற ஆய்வாளர் எல்லாரையும் அவட்டத்தான் கூட்டிப் போவாங்க, அவக்கு உங்கட கேள்வியே பாடம். அவட்ட டீயக் குடிச்சுட்டு அடுத்த வீட்டுக்கு நீங்களாப் போங்க.

ஊருல போய் இருந்து பாக்கிறது, பங்குபற்றும் அவதானம், இதுதான் எல்லாத்துலயும் ஆழம். மலினோவ்ஸ்கி எண்ட மானிடவியலாளர் முதலாம் உலகப் போர் நேரம் பப்புவா நியூகினிப் பக்கம் ட்ரோப்ரியண்ட் தீவுகள்ல போய்க் கூடாரம் போட்டு அவங்கட பாஷையப் படிச்சு இருந்தவர், அங்கயும் தாய்வழிதான், மாமன்தான் பெரிய ஆள், வாசிக்கிற நேரம் எனக்குக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஏதோ ஊரப் பத்தி எழுதின மாதிரி இருந்த. கோயில் திருவிழாவுல எந்தக் குடிக்கு எந்த நாள், அண்டைக்கு ஆரு முன்னுக்கு நிக்கிற, கோயில நிர்வகிக்கிற வண்ணக்கர் ஆர்ட்டக் கேட்டுச் செய்றாரு, இதெல்லாம் பேட்டியில வராது, அவங்களுக்கு அது கேள்வியே இல்ல, மூச்சு விடுற மாதிரி. இருந்தாத்தான் கண்ணுல படும். ஆனா ஒரு செமெஸ்டருக்குள்ள, வேற பாடமும் இருக்கிற நேரம், ஒரு பொம்புளைப் புள்ள தனிய ஊருல போய்த் தங்கி, எண்டெல்லாம் பாத்தா எங்கட அக்கா முதல்ல விடணும். சொந்தக்கார வீடு இருக்கிற ஊராப் பாத்து சனி ஞாயிறு போய் இருக்கலாம், அதுதான் நடக்கிற காரியம். சொந்த ஊர் எண்டா இன்னொரு சிக்கல், எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும், தெரிஞ்சதால கேக்க மாட்டீங்க.

இதுல ஒரு கதை. எம்.என். ஸ்ரீநிவாஸ் எண்ட இந்தியச் சமூகவியலாளர், மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்துல 1948ல இருந்து படிச்சவர், அந்தக் குறிப்பெல்லாத்தையும் ஒழுங்குபடுத்தி ஸ்டான்ஃபோர்டுல எழுதிக்கிட்டிருந்த நேரம் 1970ல கலவரக்காரர் வைச்ச தீயில அந்த ஒழுங்குபடுத்தின பிரதியெல்லாம் எரிஞ்சு போயிட்டு. நினைவுல இருந்ததை வைச்சுப் புத்தகம் எழுதினாரு, 1976ல வந்த. அவருக்கு அந்த ஞாபகம் இருந்த, நமக்கு நேத்து ராவு சாப்பிட்டதே மறந்திடும், அதனால ஒவ்வொரு நாளும் ராவைக்கே எழுதுங்க, எழுதினத ரெண்டு இடத்துல வைங்க, ஃபோன்ல மட்டும் வைச்சுட்டு குருமண்வெளிப் பாதையில (ஆக்கள அக்கரைக்கு ஏத்துற மிதவையில) ஏறி ஆத்துக்குள்ள போடாதீங்க.

குழுக் கலந்துரையாடல் பத்திப் பெருசாச் சொல்ல ஒண்டுமில்ல. எட்டுப் பேரச் சங்கக் கட்டடத்துல வைச்சு ஒரு மணித்தியாலத்துல முடிக்கலாம் எண்டு தோணும், கதைக்கிறது சங்கத் தலைவி மட்டும், மிச்ச ஏழு பேரும் தலையாட்டுவாங்க. ஊருப் பொது வழக்கம் என்ன எண்டு தெரிஞ்சுக்க நல்லம், புருசன் பொஞ்சாதிக் கதைக்கு ஒண்ணா.

ஒப்பம் வாங்கிற விசயம் ஒண்டையும் இங்கயே சொல்லிடுறன், எந்த முறை எடுத்தாலும் வரும். கெம்பஸ்ல சம்மதப் படிவம் எண்டு ஒண்டு தருவாங்க, ஒப்பம் வைக்கச் சொல்லி. கிழமைக் கடனுக்கு ஒப்பம் வைச்சு மாட்டின பொம்புளைட்டயும், சண்டை நேரம் கடதாசி வேணாம் எண்டு பழகின ஆக்கள்ட்டயும் போய் முதல்ல ஒப்பம் கேட்டா அதோட கதவு பூட்டும். வாய்ச் சம்மதம் போதும் எண்டு சுப்பர்வைசர்ட்ட முதல்லயே கதைச்சு, ரெக்கோட் பண்ணலாமா எண்டு ஃபோன அவங்கட கண்ணுக்கு முன்னால வைச்சுக் கேட்டு, வேணாம் எண்டா வேணாம். பேரும் வளவும் அடையாளம் தெரியாம மாத்தணும், ஆனா சின்ன ஊருல "ரெண்டு மகள், ஒராள் கட்டார்ல" எண்டு எழுதினாலே ஆர் எண்டு தெரியும், அதையும் யோசிங்க.

மருமகளுக்கு நான் சொன்னது இதுதான். 150 ஃபோர்மையும் விடு. ஒரு ஒழுங்கையில இருக்கிற 40 வீட்டையும் விடாம எண்ணு, ஒரு பக்கக் கடதாசி, ஆறே ஆறு கேள்வி, உறுதியோ பத்திரமோ ஆர்ர பேர்ல, ஆரு குடுத்த, எப்ப, அவ்வளவுதான். மாதிரி எடுக்கிற பிரச்சினை அதுல இல்ல, எல்லா வீடும் உள்ளுக்கு, ஆனா ஊர் முழுக்க இப்பிடி எண்டு எழுதாத, இந்த ஒழுங்கையில இப்பிடி எண்டு எழுது. அந்த 40க்குள்ள இருந்து வித்தியாசமான 14, 15 வீட்டத் தெரிஞ்சு பேட்டி எடு, பத்திரம் புருசன்ட பேர்ல இருக்கிறது கொஞ்சம், தாய் இன்னும் எழுதிக் குடுக்காதது கொஞ்சம், மகளே இல்லாத வீடு ஒண்டு ரெண்டு, அதுதான் சுவாரசியம். திருவிழா வந்தா போய் நில்லு. உன்ட சுப்பர்வைசர் எண்ணிக்கை விருப்பமான ஆள் எண்டா அந்த 40 வீட்டுக் கணக்க முதல் அட்டவணையாப் போடு, சண்டை பிடிக்காத, புள்ளி போடுறது அவர். மற்றப்படி ஒருவருக்கு ஏதோ ரெண்டுக்கு இடையில தொடர்பு இருக்கா எண்டு சோதிக்கிற தலைப்பு, கூட்டாளிமார் நாலு பேர் சேர்ந்து செய்ற ஆய்வு, கைக்கெட்டுற தூரத்துல ஒரு முழு இடாப்பு இருக்கு எண்டா, தயங்காம ஃபோர்முக்குப் போகலாம், அதுல ஒரு குறையும் இல்ல.

"அப்ப அந்த முதல் பெட்டி மாமா?" எண்டாள். முதல்ல வீட்டுல பரீட்சிச்சுப் பார் எண்டு சொன்னன். எனக்கும் கேக்க வெக்கம்தான், நான் இருக்கிற வீடே என்ட பொஞ்சாதிக்கு அவட தாய் குடுத்தது, இடாப்புல தலைவர் நான்.

ஞாயித்துக்கிழமை அவங்கட வீட்டுல, எங்கம்மாட பக்கத்துல திண்ணையில குந்திட்டாள், ஃபோன ரெக்கோட்ல போட்டு.

"அம்மம்மா, இந்த வீடு ஆருட?"

"எங்கம்மா எனக்குத் தந்தது, நான் உங்கம்மாக்குக் குடுத்துட்டன், அவ உனக்கு எண்டு வைச்சிருக்கா. நான் சும்மா இருக்கிற ஆள்."

"அப்ப குடும்பத் தலைவர் ஆரு?"

"உங்கட அம்மப்பா."

"அம்மப்பா செத்து எத்தினை வருசம் அம்மம்மா?"

"அது பதினொரு வருசம். ஆனா அவர்ர பேரத்தான் போடுற" எண்டு வெத்திலைய மடிச்சுக்கிட்டே அம்மா அவள நிமிர்ந்து பாத்தா. "ஏன் புள்ள, ஏதும் குடுக்கப் போறாங்களா?"